எதிர்க் கட்சிக்காரரின் பாட்டு

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபத்து நான்கு குடும்பங்கள் வசிக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக உள்ளவை மூன்று: ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு லிஃப்ட், ஒரு வாட்ஸப் குழு. இந்த மூன்றில் அடிக்கடி பழுதாவது எது என்று கேட்டால், புதிதாகக் குடிவந்தவர்கள் லிஃப்ட் என்பார்கள். சில வருஷம் இருந்து பழகியவர்களுக்கு உண்மை தெரியும்.

குழுவின் முகப்பிலே எங்கள் சங்கக் காரியதரிசி ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார்: "இங்கே அரசியல் பேசலாகாது." ஆகையால் நாங்கள் காலை வணக்கம் சொல்லிக்கொள்ளுகிறோம், பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறோம், அறுபத்து மூவர் உற்சவத்தின் படங்களைப் பரிமாறிக்கொள்ளுகிறோம். குடிதண்ணீர் கலங்கலாக வந்தால் அதைப் பற்றி எழுதலாம். ஏன் கலங்கலாக வருகிறது என்று எழுதலாகாது. மெட்ரோ ரயில் வேலைக்காக லஸ் முனையைத் தோண்டிப் போட்டபோது, பஸ்கள் எந்தத் தெரு வழியாகத் திரும்புகின்றன என்று சொல்லலாம். அந்த வேலைக்கு ஆகும் பணம் யாருடையது, அதை வேறு எதற்குச் செலவிட்டிருக்கலாம் என்று கேட்டால் காரியதரிசியின் கட்டளை பிறந்துவிடும். குடியரசின் பிரஜைகள் தங்கள் வாசலில் நடப்பதைப் பற்றிப் பேசலாகாது என்று தங்களுக்குத் தாங்களே தடையுத்தரவு போட்டுக்கொண்டிருக்கும் இந்த விந்தையை, 144-ஆவது பிரிவை மீறிச் சிறை சென்ற அந்நாளைய தேசபக்தர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ!

ஆனால் காரியதரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்தச் சட்டம் பிறப்பதற்குக் காரணமாயிருந்தவள் நானே.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் லோக்சபைத் தேர்தலுக்கு வாக்குப் பதிவு நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் எனக்கு ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. எனக்குப் பிடிக்காத ஒரு கட்சியின் பேச்சாளர், பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பற்றி மிக இழிவாக ஏதோ சொல்லுகிறார். மொத்தம் இருபத்திரண்டு விநாடி. நான் பள்ளிக்கூட ஆசிரியை. கோபம் வருவதற்கு இருபத்திரண்டு விநாடி வேண்டியதாயிருக்கவில்லை, பத்தே போதுமானதாயிருந்தது. உடனே அதைக் கட்டடத்தின் குழுவில் போட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது. மூன்றாம் மாடியில் இருப்பவர் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கட்டடத்தில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் "மாமா." என் மகளுக்கு இரண்டு வருஷமாகச் சாயங்கால வேளைகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். சம்பளம் என்ற பேச்சை எடுத்தால் கோபித்துக்கொள்வார். அவர் எழுதியது இவ்வளவுதான்: "டீச்சரம்மா, இது முழுப் பேச்சு அல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம்."

நான் எழுதினேன்: "கட்சிப் பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். காதையும் அடைக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன், மாமா."

அனுப்பிய பிறகு அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாகக்கூட எனக்குத் தோன்றியது. நான்கு பேர் கைதட்டும் சித்திரத்தைப் போட்டார்கள். இரண்டு பேர் மாமாவின் பக்கம் பரிந்து வந்தார்கள். இரவு பதினொரு மணிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் குவிந்தன. யாருடைய பாட்டனார் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதெல்லாம் வெளியே வந்தது. வாக்குப் பதிவு அன்று காலை ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வரிசையில் நானும் மாமாவும் நின்றோம். நடுவில் நான்கு பேர். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து என் மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறவில்லை. நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஜூலை மாதம் பள்ளிக்கூடத்தில் 1907-ஆம் வருஷத்துச் சூரத் காங்கிரஸைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மிதவாதிகள் ஒரு பக்கம், திலகரைப் பின்பற்றிய தீவிரவாதிகள் ஒரு பக்கம். நாற்காலிகள் பறந்தன, செருப்புப் பறந்தது, மகாசபை கலைந்தது. ("தீவிரவாதி" என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் வேறு பொருள் என்பதை ஒவ்வொரு வருஷமும் விளக்கவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் லோகமான்யர் வெடிகுண்டு வைத்தவர் என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள்.) பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், அப்படியானால் அந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?" என்று கேட்டான்.

"பேசிக்கொள்வார்கள்" என்று நான் சொன்னேன். நம் மயிலாப்பூரிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது என்று, எனக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது என் முகம் சுருங்கியதைப் பிள்ளைகள் கவனித்தார்களோ என்னவோ!

வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் என்ற பெயரை இன்று மயிலாப்பூர்வாசிகளில் பலர் மறந்துவிட்டார்கள். அவர் செய்தவைகளை மறக்க வழியில்லை. தினந்தோறும் அவற்றைக் கடந்து போகிறோம். ஸம்ஸ்கிருத கல்லூரி அவர் 1906-இல் தோற்றுவித்தது. லஸ்ஸில் இருக்கும் ரானடே நூல்நிலையம் அவருடைய முயற்சி. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு நீரில் கரைந்த உப்பாயிற்று. நமக்கென்று நம்மவர் நடத்தும் பாங்கி ஒன்று வேண்டுமென்று முன்னின்று பாடுபட்டு 1907-இல் இந்தியன் பாங்கியை ஏற்படுத்தியவர்களில் முதன்மையானவர் அவர். பெரிய வக்கீல். 1909-இல் ஹைகோர்ட்டு நீதிபதியானார். 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். அந்த வருஷக் கடைசியிலேயே காலமானார். அரசியலில் அவர் மிதவாதி. மனுச் செய்து, வாதாடி, சட்டத்துக்கு உட்பட்டு உரிமைகளைப் பெறவேண்டும் என்ற கொள்கையுடையவர்.

மற்றவர் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியார். 1907-இல் அவருக்கு இருபத்து நாலு வயது. கையில் "இந்தியா" பத்திரிகை. திலகரிடம் அளவற்ற பக்தி. மிதவாதிகளை அவர் தம் பத்திரிகையில் சும்மா விட்டவர் அல்லர். எழுத்தாலும் கேலிச் சித்திரத்தாலும் வாட்டி எடுத்தார். மயிலாப்பூர் வக்கீல் கூட்டத்தின் மேலும் அந்தச் சவுக்கடி விழுந்தது.

இந்த இருவரையும் ஒன்று சேர்த்தவர் ஜி. ஏ. நடேசன் என்பார்கள். "இந்தியன் ரெவ்யூ" பத்திரிகையின் ஆசிரியர், அவரும் மிதவாதியே. அவர் பாரதியாரைக் கிருஷ்ணஸ்வாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். பாரதியார் தம்முடைய தேசீய கீதங்களைப் பாடினார். ஐயர் கேட்டார், உருகினார். உருகியதோடு நிற்கவில்லை. மூன்று பாடல்களைத் தேர்ந்து, "ஸ்வதேச கீதங்கள்" என்ற சிறு பிரசுரமாகப் பதினையாயிரம் பிரதிகள் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பதினையாயிரம் பிரதி என்பது அந்த நாளில் சாமானியமான எண் அன்று. புகழ் பெற்ற பத்திரிகைகளே சில ஆயிரம் பிரதிகளோடு திருப்தியடைந்த காலம். பாரதியாரின் பாடல்கள் இவ்வளவு பெரிய அளவில் ஜனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அப்பொழுதுதான். அதைச் செய்தவர் பாரதியாரின் கட்சிக்காரர் அல்லர், எதிர்க் கட்சிக்காரர். அதற்காக ஐயர் தீவிரவாதியாக மாறினாரா என்றால், இல்லை. பாரதியார் மிதவாதியானாரா என்றால், அதுவும் இல்லை. அதே வருஷம் டிசம்பரில் சூரத்தில் மகாசபை பிளந்தபோது ஐயர் மிதவாதிகளின் பக்கமே நின்றார், பாரதியார் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு திலகரின் பக்கம் நின்றார். அடுத்த வருஷம் பாரதியார் புதுச்சேரி செல்ல நேர்ந்தது. அதற்கடுத்த வருஷம் ஐயர் ஜட்ஜானார். வழிகள் வேறாகவே போயின. ஆனால் எதிராளியின் பாட்டை அவன் வாயாலேயே, முதலிலிருந்து கடைசி வரையில், உட்கார்ந்து கேட்க ஒருவர் சம்மதித்தார். யாரோ ஒருவர் அதிலிருந்து இரண்டு அடியைக் கத்தரித்து எடுத்து, "பார்த்தீரா இந்தப் பையனின் திமிரை!" என்று ஒரு கடிதத்தில் வைத்து ஐயருக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

அதே மயிலாப்பூரில் பின்னாளில் வாழ்ந்த இன்னொரு மிதவாதி வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். (திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர் என்பதால் எங்கள் ஜாதிக்காரர், ஆசிரிய ஜாதியைச் சொல்கிறேன்.) காந்தியடிகளும் அவரும் கோகலேயையே குருவாகக் கொண்டவர்கள். 1915-இல் கோகலே காலமானபின் இந்திய ஊழியர் சங்கத்துக்குச் சாஸ்திரியார் தலைவரானார். அந்தச் சங்கத்தில் சேரவேண்டுமென்ற ஆசை காந்தியடிகளுக்கு இருந்தது. அங்கத்தினர்களில் சிலர் தயங்குவதைக் கண்டு தாமே விலகிக்கொண்டார். பிறகு ஒத்துழையாமை இயக்கம் பிறந்தபோது சாஸ்திரியார் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். தேசமெல்லாம் மகாத்மாவின் பின்னே திரண்ட நாளில், அது தவறு என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! அப்படிச் சொன்னவரையே, 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய சர்க்காரின் முதல் ஏஜண்டாகப் போகும்படி வற்புறுத்தியவர் காந்தியடிகள். தம் ரத்தத்தையும் வியர்வையையும் சிந்திய தேசத்துக்குத் தம் கொள்கையை எதிர்ப்பவரை அவர் அனுப்பினார். இன்னும் ஒன்று. காந்தியடிகளின் சுய சரிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவர் ஒருவர், தம் பெயர் வெளிவரலாகாது என்று நிபந்தனை போட்டார். மகாதேவ தேசாயும் பெயர் சொல்லாமலே முன்னுரையில் நன்றி கூறினார். அந்த நபர் சாஸ்திரியாரே. எதிராளியின் புத்தகத்திலே பிழை கண்டுபிடிப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பிழை திருத்திக் கொடுப்பவரைப் பார்ப்பது அரிது. 1946 ஜனவரியில் ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகத் தியாகராய நகரில் வந்து தங்கிய காந்தியடிகள், ஆஸ்பத்திரியில் கிடந்த சாஸ்திரியாரைப் போய்ப் பார்த்தார். ஏப்ரலில் சாஸ்திரியார் மறைந்தார்.

தியாகராய நகர் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. அந்த நகரத்தின் பெயர் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாருடையது. நடுவிலிருக்கும் பார்க் அதே கட்சியின் முதன் மந்திரி பனகால் ராஜாவுடையது. டாக்டர் நாயர், தணிகாசலம் செட்டியார் என்று தெருவுக்குத் தெரு அந்தக் கட்சியின் பெரியவர்களே நிற்கிறார்கள். அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களோ காங்கிரஸ்காரர்கள்! பஸ்லுல்லா சாலையில் ராஜாஜி. திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர். அந்த இருவருமே ஒருவருக்கொருவர் எதிரிகளாகவும் இருந்தார்கள். 1971 தேர்தலில் ஓரணியாகவும் நின்றார்கள். இன்று அதே தியாகராய நகரில் பாரதீய ஜனதாக் கட்சியின் கமலாலயமும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பாலன் இல்லமும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. துணி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போகும் ஜனங்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. கவனித்தால் ஒரு புடவை குறைவாக வாங்கினாலும் நஷ்டமில்லை.

ராஜாஜியையும் பெரியாரையும் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. காங்கிரஸில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள். 1925-இல் காஞ்சீபுரம் மகாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1938-இல் ராஜாஜி பிரதம மந்திரி. கட்டாய ஹிந்தியை எதிர்த்ததற்காகப் பெரியார் அந்த மந்திரிசபையின் கீழேயே சிறைக்குப் போனார். 1953-இல் ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் குலக் கல்வி என்று சொல்லி எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி செய்தார். 1954-இல் ராஜாஜி பதவியை விட்டார். இவ்வளவுக்கும் நடுவே, 1949 மே மாதத்தில் தம் சொந்த வாழ்வில் பெரிய முடிவொன்று செய்யவேண்டியிருந்தபோது, பெரியார் திருவண்ணாமலைக்குப் போய் ராஜாஜியைத் தனியே கண்டு பேசினார். 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி காலமானார். இடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார் பெரியார்; அப்போது அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அந்த இருவரின் தொண்டர்கள் இன்றைக்கும் கைபேசியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளுவதைப் பார்க்கும்போது, தலைவர்களை இவர்கள் எந்தப் புத்தகத்தில் படித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் காலமெல்லாம் பொற்காலம், இந்தக் காலம் இரும்புக் காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜாஜியே 1942-இல், முஸ்லிம் லீகோடு உடன்பாடு காணவேண்டும் என்று சொன்னதற்காகக் காங்கிரஸை விட்டு விலக நேர்ந்தது. பம்பாய்க் கூட்டத்தில் அவர் மேல் தாரை வீசினார்கள். தேசபக்தர்கள்தாம் வீசினார்கள். 1917-இல் அடையாற்று அன்னிபெஸண்டு அம்மையைக் காங்கிரஸ் தலைவராக்கிக் கொண்டாடிய தேசம், அவர் ஒத்துழையாமையை எதிர்த்ததும் அவர் பேச்சுக்குச் செவி சாய்க்க மறுத்தது. அதற்கும் முந்திய தலைமுறையில் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று ஆறுமுக நாவலர் பக்கத்தாரும் அடிகள் பக்கத்தாரும் பிரசுரங்களால் மோதிக்கொண்டது மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரையில் போயிற்று. அந்தத் துண்டுப் பிரசுரங்களின் தலைப்புக்களைப் பார்த்தால், வசைபாடுவதற்கு நம்மவர்களுக்குக் கைபேசி அவசியமாயிருக்கவில்லை என்று விளங்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மயிலாப்பூர் மாங்கொல்லையில் எல்லாக் கட்சிகளும் கூட்டம் போடும். கோயிலுக்குப் போகிறவர், கத்தரிக்காய் வாங்க வந்தவர், வீட்டுக்குத் திரும்பும் குமாஸ்தா, யாராயிருந்தாலும் எதிர்க் கட்சியின் பேச்சு காதிலே விழத்தான் விழும். ஒலிபெருக்கி கட்சி பார்த்து ஒலிப்பதில்லை. பிடிக்காவிட்டாலும், ஐந்து நிமிஷம் நின்றால் பேச்சாளரின் வாதம் முழுதாக வந்து சேரும். கைபேசியிலோ, எந்தப் படத்தின் மேல் நம் விரல் சற்று நிற்கிறதோ, அதைப் போன்றவையே அடுத்தடுத்து வந்து நிற்கும்படி முகநூலும் யூடியூபும் கணக்குப் பண்ணி வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குக்குக் கட்சி கிடையாது; நம் கண் அங்கேயே இருக்கவேண்டும் என்பதே அதற்கு வேண்டியது. நமக்கு இனிப்பானது வரும். அல்லது நமக்குக் கோபமூட்டக்கூடியது வரும். எதிராளி நமக்குத் தெரியவருவது இந்த இரண்டாவது வழியாகத்தான்: அவனுடைய மிக மோசமான இருபத்திரண்டு விநாடியாக. வாட்ஸப்பில் இப்படிப் பொறுக்கிக் கொடுக்கும் இயந்திரம் இல்லை. அந்த வேலையை என்னைப் போன்றவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம்.

இது வெறும் மனஸ்தாபத்தோடு போகிற விஷயமும் அன்று. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப் வழியாகப் புரளி பரவியிருந்தபோது, திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்கருகே குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன சென்னை மூதாட்டி ஒருவரை ஜனங்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். வழியிலிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அந்த அம்மாள் செய்த குற்றம். வடநாட்டிலும் அவ்வருஷம் இப்படிப் பல உயிர்கள் போயின. அதன்பின்தான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி இந்தியாவில் வாட்ஸப் கம்பெனி கட்டுப்பாடு வைத்தது. 2020-இல், பல கை மாறி வந்த செய்தியானால் ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே என்று அதை இறுக்கிற்று. கை சற்றுத் தயங்குவதற்கு இது உதவுகிறது. தயங்கும் நேரத்தில் யோசிப்பது நம் வேலை. அதற்குக் கம்பெனியில் ஏற்பாடில்லை.

சிறையில் போடு என்று சிலர் சொல்லுகிறார்கள். அதையும் பார்த்தாகிவிட்டது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் தந்த 66-ஏ பிரிவு 2009 முதல் அமலில் இருந்தது. அதிகாரத்திலிருப்பவர்களுக்குப் பிடிக்காததை எழுதியவர்கள் அதில் மாட்டினார்கள். 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாது என்று தள்ளிற்று. வேண்டியவர் வாயைத் திறக்கவும் வேண்டாதவர் வாயை மூடவும் போலீஸை நம்புவது சுதந்திர தேசத்துக்கு அழகன்று. அந்த வித்தையை வெள்ளைக்காரன் நம்மீது போதுமான வரையில் செய்து காட்டிவிட்டான்.

கைபேசியை எறிந்துவிடச் சொல்பவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தில் புகுந்த இரவை அவர்கள் மறந்துவிட்டார்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எங்கே படகு வேண்டும், எங்கே சோறு தயாராயிருக்கிறது என்று இந்தக் கைபேசிதான் முன்பின் அறியாத ஜனங்களைச் சேர்த்து வைத்தது. படகில் ஏறியவரை எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே, கருவியைப் பழிப்பதை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கனவே இருக்கும் ஒரு பழைய பழக்கத்தை வகுப்பில் பரீட்சை செய்து பார்த்தேன். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது முதலில் வைத்தது "பரபக்கம்": பிறர் மதங்கள் சொல்வதை எடுத்துச் சொல்லி அவற்றுக்கு மறுப்புக் கூறும் பகுதி. தம் கொள்கையைக் கூறும் "சுபக்கம்" அதற்குப் பின்தான். மணிமேகலையும் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் திறத்தைக் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்ந்தாள். பிறர் கட்சியைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கும் உரிமை கிடையாது என்பது நம் பெரியோர் வாதம் செய்த முறை.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்த விஷயம் நீட் தேர்வு. தமிழ்நாட்டில் 2017 முதல் வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிய விஷயம் இது என்பது நேயர்களுக்குத் தெரியும். நிபந்தனை ஒன்றுதான்: உன் கட்சியைப் பேசுமுன் எதிர்க் கட்சியை நீ எடுத்துச் சொல்லவேண்டும்; எதிர்க் கட்சிக்காரன் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே உன் முறை. நீட் வேண்டாம் என்ற பெண் ஒருத்தி மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் எதிரிலிருந்த பையன் தலையை ஆட்டினான். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, மிஸ். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி போதாது என்று நான் எப்போது சொன்னேன்? ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனிப் பரீட்சை, தனித்தனிப் பணம் என்று அலைந்தது நிற்கவேண்டும் என்றுதானே சொன்னேன்?" நாலாவது தடவை அவள் சரியாகச் சொன்னாள். பிறகு அவன் முறை. அவனும் இரண்டு தடவை தடுமாறினான். இரண்டு வருஷப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டில் அந்தப் பரீட்சை என்ன செய்கிறது என்பதை அவள் ஒப்புக்கொள்ளும்படி சொல்ல அவனுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. மணி அடித்துவிட்டது. இருவரும் கட்சி மாறவில்லை. ஆனால் அந்தப் பெண் வெளியே போகும்போது என்னிடம் வந்து, "அவன் சொன்னதில் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, மிஸ். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த மாமா ஒரு கணம் திகைத்தார். "வாங்கோ, டீச்சரம்மா" என்று உள்ளே அழைத்தார். மாமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்த முழுப் பேச்சை உங்களோடு உட்கார்ந்து கேட்க வந்தேன் என்றேன். அவர் அதிகம் பேசவில்லை. டெலிவிஷனில் அதைத் தேடி எடுத்துப் போட்டார். மொத்தம் நாற்பத்தோரு நிமிஷம். பதினேழாவது நிமிஷத்தில் என்னுடைய இருபத்திரண்டு விநாடி வந்தது. ஆசிரியர்களைப் பற்றிய அந்த இழிசொல் அந்தப் பேச்சாளருடையது அன்று; வேறு யாரோ சொன்னதை எடுத்துச் சொல்லி, இப்படியும் பேசலாமா என்று அவர் கண்டிக்கிறார். கண்டித்த பகுதியைத்தான் யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

மாமா என்னைப் பார்க்கவில்லை, டெலிவிஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய நாகரிகம்.

மீதிப் பேச்சையும் கேட்டோம். அதில் முக்கால் பங்கு எனக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லை என்று சொன்னேன். "அப்படிச் சொல்லுங்கோ! எதிலே சம்மதமில்லை?" என்று மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிப் பங்கீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவர் சொன்ன புள்ளி ஒன்று எனக்குப் புதிது. நான் சொன்னதில் ஒன்றை அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த தேர்தலில் அவர் அவருடைய கட்சிக்கும், நான் என்னுடைய கட்சிக்கும் ஓட்டுப் போடுவோம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டடத்தின் குழுவில் நான்கு வரி எழுதினேன். ஏப்ரலில் நான் அனுப்பிய வீடியோ வெட்டப்பட்டது என்றும், முழுப் பேச்சு இன்னது என்றும், மாமாவிடம் நான் எழுதிய வாக்கியத்துக்காக வருந்துகிறேன் என்றும் எழுதினேன். இரண்டு நிமிஷத்தில் அது மறைந்துவிட்டது. காரியதரிசி நீக்கிவிட்டார்; கீழே அவருடைய குறிப்பு: "இங்கே அரசியல் பேசலாகாது."

அதை இனி சங்கக் கூட்டத்தில்தான் எழுப்பவேண்டும். மாமா வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் லிஃப்ட் பழுது. என் மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.